மூன்றாம் தர அபாயம்

அபாயப்படி இயக்குநரகத்துக்குள் நுழையும்போது ஹெல்மெட் தருகிறார்கள். வெளியே வரும்போது திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். நடுவில் கழற்றினால் அபராதம்.

எனக்குக் கிடைத்தது சின்னது. காவலாளியிடம் சொன்னேன்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார். மண்டைக்கு மண்டை அளவெடுத்து வாங்கணும்னா தனியா டெண்டர் போடணும்" என்றார்.

அது முதல் நாள். என் மனைவி இறந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

அவள் ராணுவ மருத்துவப் பிரிவில் ஆம்புலன்ஸ் ஓட்டினாள். கடைசியாகப் பதினேழாம் சாவடியில் நாற்பத்தோரு நாள் இருந்தாள். நாற்பத்தோராவது நாள் ஆம்புலன்ஸ் மேல் குண்டு விழுந்தது. நாங்கள் இருப்பது ராணுவக் குடியிருப்பில், இரண்டு அறை வீடு. நான், நான்கு வயது மகள், மாமியார். பணியில் இருப்பவர் இறந்தால் குடும்பம் தொண்ணூறு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இறந்தது அபாயப் பகுதியில் என்றால் காலி செய்ய வேண்டாம். குழந்தைக்குப் பதினெட்டு வயது முடியும்வரை இருக்கலாம். அந்த நாற்பத்தோரு நாளுக்கு அபாயப்படி என்ற கூடுதல் சம்பளமும் உண்டு. இதற்கெல்லாம் தேவை ஒரு சான்றிதழ். பதினேழாம் சாவடி அபாயமான இடம் என்று இந்த இயக்குநரகம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

குண்டு விழுந்து செத்திருக்கிறாள், அரை நாள் விடுப்பு போதும் என்று கணக்குப் போட்டேன். நான் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் இடத்தில் தண்ணீர் கெட்டிருந்தால் கெட்டிருக்கிறது என்று எழுதிவிடுவோம். அந்தப் பழக்கம் என்னைத் தப்பாக நினைக்க வைத்துவிட்டது.

நான்காவது மாடியில் கிளார்க் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். ஹெல்மெட் காதை மூடியிருந்ததால் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு வரைபடம். அபாயமான இடங்களில் சிவப்புக் குண்டூசி குத்தியிருந்தார்கள்.

"எந்த இடம்னீங்க?"

"பதினேழாம் சாவடி."

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பதினேழுல ஊசி இல்லையே."

"அங்கதான் மேடம் குண்டு விழுந்து என் மனைவி இறந்தாங்க."

"தெரியுது, டெத் சர்டிபிகேட் வெச்சிருக்கீங்களே. பத்திரமா வெச்சுக்குங்க, பென்ஷனுக்கு உதவும். ஆனா ஒருத்தர் இறந்துட்டாங்கங்கறது அபாயத்துக்கு ஆதாரம் ஆகாது. வீட்டுல படுத்த படுக்கையிலயும்தான் சாகறாங்க. வீட்டுக்கெல்லாம் அபாயப்படி குடுத்தா கட்டுப்படியாகுமா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னை உட்காரச் சொல்லி, தன் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார்.

அபாயம் மூன்று தரம் என்று விளக்கினார். முதல் தரத்துக்குச் சம்பளத்தில் பாதி கூடுதலாக வரும். இரண்டாம் தரத்துக்குக் கால்வாசி. மூன்றாம் தரத்துக்குப் பெயர் 'கவலைக்குரியது'. அதற்கு டீ செலவு தருவார்கள். ஆனால் எந்தத் தரமாக இருந்தாலும் வீடு உண்டு. தரத்தை முடிவு செய்ய ஆய்வு அதிகாரி நேரில் போய் மூன்று நாள் தங்கிப் பார்க்க வேண்டும்.

"பதினேழுக்குப் போனாரா?"

"அவரையே கேளுங்க. ரெண்டு மணிக்குள்ள கேட்டுடுங்க, நாங்க கிளம்பிடுவோம். அபாயத்துல அஞ்சு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு."

என்ன அபாயம் என்று அப்போது கேட்கவில்லை.

ஆய்வு அதிகாரி தன் அறையில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு. என்னைத் தம்பி என்றே கூப்பிட்டார்.

"நான் போகலைன்னு நெனைச்சுடாதீங்க தம்பி. மூணு தடவை பெட்டி கட்டினேன். ஃபைலைப் பாருங்க."

பார்த்தேன். முதல் குறிப்பு: 'பாதையில் கண்ணிவெடி இருப்பதாகத் தகவல். ஆய்வு ஒத்திவைக்கப்பட்டது.' இரண்டாவது: 'சாவடி மீது தொடர்ந்து குண்டுவீச்சு. ஆய்வு ஒத்திவைக்கப்பட்டது.' மூன்றாவது: 'ஆய்வு அதிகாரியை அழைத்துப் போக வந்த வாகனம் வழியில் தாக்கப்பட்டது. ஆய்வு ஒத்திவைக்கப்பட்டது.'

"இதை வெச்சே அபாயமான இடம்னு எழுதிடலாமே சார்."

"எப்படி எழுதறது? நான் பாக்கலையே. இருபத்தாறு வருஷ சர்வீஸ், கண்ணால பாக்காத எதையும் நான் எழுதினதில்ல. அந்தக் கெட்ட பேரு எனக்கு வேண்டாம்."

"அப்போ ஒரு தடவை போய்ப் பாத்துடுங்களேன்."

"போனா உயிரோட திரும்பறது நிச்சயம் இல்ல தம்பி. எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

"நீங்களும் சொல்றீங்க, நானும் சொல்றேன். ரெண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்ல. ஃபைலுக்குத்தான் இருக்கு." அடுத்த விரலுக்குப் போனார். "ஆய்வு நடக்காத இடம், நடக்கற வரைக்கும் அமைதியான இடம். ஒன்பதாம் விதி. நான் போட்டதில்ல."

அப்போதுதான் ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

"மூணு வருஷம் முன்னாடி இந்த ஆபீஸ்ல ஃபேன் விழுந்துச்சு. பக்கத்து ரூம். சாப்பாட்டு நேரம், மேசையில யாரும் இல்ல. நான் சத்தம் கேட்ட அடுத்த நிமிஷம் போய் நின்னேன். கண்ணால பாத்தேன், அளந்தேன், படம் எடுத்தேன். சாயங்காலத்துக்குள்ள அறிக்கை ரெடி. இரண்டாம் தர அபாயப் பகுதி. அன்னையிலேர்ந்து நாலு மாடிக்கும் அபாயப்படி வருது."

"ஃபேனைச் சரி பண்ணிட்டீங்களா?"

"எதுக்கு? சரி பண்ணினா படி நின்னுடும். மத்த ஃபேனோட திருகாணியைக்கூட யாரும் முடுக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "பழகிடுச்சு தம்பி. ஆனா ஒண்ணு, வீட்டுல கிளம்பும்போது மட்டும் மனைவி முகத்தைப் பாத்துட்டுதான் கிளம்புவேன்."

தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு பத்து முறை போனேன். சேவைப் பதிவேட்டின் நகல் கேட்டார்கள், கொடுத்தேன். ஆம்புலன்ஸின் பதிவு எண் கேட்டார்கள், கொடுத்தேன். ஆம்புலன்ஸை நேரில் காட்ட முடியுமா என்றார்கள். முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் முடியாது என்பதற்குத் தனித் தாள் கேட்டார்கள். வீட்டில் மாமியார் தினமும் ஒரே கேள்வி கேட்பார்.

"என்ன சொன்னாங்க மாப்பிள்ளை?"

"புதன்கிழமை வரச் சொன்னாங்க அத்தை."

"போன புதன்கிழமையும் அதைத்தானே சொன்னாங்க?"

"இது வேற புதன்கிழமை."

எழுபத்திரண்டாம் நாள் குடியிருப்பு மேற்பார்வையாளர் அளவு நாடாவோடு வந்தார். அடுத்து வரப்போகும் குடும்பத்தார் ஜன்னல் திரைக்கு அளவு கேட்டார்களாம். பாப்பா நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அது விளையாட்டு. அவர் போகும்போது, "நல்ல குழந்தை, கையை ஆட்டவே இல்ல" என்றார்.

எழுபத்தொன்பதாம் நாள் இயக்குநரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அவர் அறையில் ஃபேன் இல்லை, ஏசி. இருந்தாலும் ஹெல்மெட் போட்டிருந்தார். சட்டையில் ஒரு பதக்கம். அபாயத்தின் நடுவே நீண்டகாலம் பணியாற்றியதற்காக என்று கிளார்க் சொல்லியிருந்தார்.

"உங்க துயரம் எனக்கு நல்லாப் புரியுது. எங்க வீட்டு நாய் போன மாசம்தான் தவறிப்போச்சு" என்று ஆரம்பித்தார். "ஆனா என் பக்கமும் கொஞ்சம் யோசிங்க. நான் பாட்டுக்கு எல்லா இடத்தையும் அபாயம்னு அறிவிச்சுட்டா என்ன ஆகும்? அங்க இருக்கற வீரர்களுக்குப் பயம் வந்துடும். இப்ப அவங்களுக்குத் தெரியாது, நிம்மதியா இருக்காங்க. அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனசு வரல. போன வருஷம் மட்டும் பன்னிரண்டு அபாயப் பகுதிகளை அமைதிப் பகுதியா மாத்தினோம். ஒரு தோட்டா செலவில்ல, ஒரு ஆள் நஷ்டமில்ல. எந்தத் தளபதியாவது இதைச் செஞ்சிருக்காரா? இந்த ரூம்ல உக்காந்தே செஞ்சேன்."

நான் டெத் சர்டிபிகேட்டை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன்.

"சரி, உங்களுக்காக ஒரு வழி சொல்றேன். ஆய்வு இல்லைன்னா அங்க இருந்த யாராவது வாக்குமூலம் தரலாம்."

"ஆம்புலன்ஸ்ல இருந்த மூணு பேரும் இறந்துட்டாங்க சார்."

"முன்கூட்டியே ஏதாவது எழுதி வெச்சிருப்பாங்களே?"

சாவடியில் போன் கூடாது. அதனால் அவள் கடிதம் எழுதுவாள். வாரம் ஒரு முறை சரக்கு லாரியில் மொத்தமாக வரும். எனக்கு ஒன்பது, அவள் அம்மாவுக்கு ஆறு. ஒவ்வொன்றிலும் சாவடி முத்திரையும் தேதியும் உண்டு. தேதிக்கு உதவுமென்று பதினைந்தையும் அடுத்த புதன்கிழமை கொண்டுபோனேன். மாமியார் தன் ஆறையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தார். மடிப்பு கலையாமல் திருப்பித் தரச் சொன்னார்.

அதுதான் நான் செய்த தப்பு.

எனக்கு வந்த கடிதங்களை ராணுவத் தணிக்கைப் பிரிவு ஏற்கெனவே படித்திருந்தது. குண்டு, காயம், சாவு என்று எது வந்தாலும் அதன்மேல் கறுப்பு மை. இயக்குநர் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதல் நான்கு வரி கறுப்பு. பிறகு 'பாப்பாவுக்கு ஷூ வாங்கிவிட்டீர்களா'. மறுபடி ஆறு வரி கறுப்பு. கடைசியில் 'சாப்பாடு பரவாயில்லை'.

"ஷூவும் சாப்பாடும்தான் இருக்கு. இதுல அபாயம் எங்க?"

"கறுப்புக்கு அடியில இருக்கு சார். மை பூசினது உங்க துறைதான்."

"அது வேற கட்டடம்."

பிறகு மாமியாருக்கு வந்தவற்றை எடுத்தார். அவற்றில் ஒரு வரிகூடக் கறுப்பு இல்லை. சத்தமாகவே படித்தார்.

"'அம்மா, இங்கே ஒரு பயமும் இல்லை. வண்டியைத் துடைத்து நிறுத்தி வைப்பதுதான் வேலை. எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். நன்றாகத் தூங்குகிறேன். எடை கூடிவிட்டது, வந்தால் உனக்கு அடையாளம் தெரியாது.'"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உண்மையாகவே நெகிழ்ந்திருந்தார்.

"இவ்வளவு தெளிவான சாட்சியம் எந்தச் சாவடியிலேர்ந்தும் எங்களுக்கு வந்ததில்ல."

ஆய்வு அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் படித்துவிட்டு, "நான் பாக்காததை எழுத மாட்டேன்னு நின்னது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க" என்றார். அரை மணியில் ஆணை தட்டச்சாகி வந்தது. பதினேழாம் சாவடி அமைதிப் பகுதி. கடிதங்களின் நகல், புதிதாகச் சேரும் வீரர்களுக்கு வாசித்துக் காட்டப் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பப்படும். மருத்துவப் பிரிவுப் பணியாளருக்கு எடை கூடியிருப்பதால், அந்தச் சாவடிக்கு அனுப்பும் உணவைக் குறைப்பது பற்றிப் பரிசீலிக்க உணவுப் பிரிவுக்கு ஒரு நகல்.

"அது அவங்க அம்மாவுக்காக எழுதினது சார்" என்றேன்.

"அதாவது?"

"அம்மா பயப்படக் கூடாதுன்னு எழுதினது."

"அதாவது பொய்யா?"

"ஆமா."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே. அதுக்குப் படிவம் இருக்கு."

முப்பத்தோராம் படிவம். தலைப்பு, 'இறந்தவர் பொய்யர் என்பதற்கான உறுதிமொழி'. பொய் யாரிடம் சொல்லப்பட்டதோ அவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அன்று எண்பத்தாறாம் நாள்.

நான் வீட்டுக்குப் போனபோது மாமியார் பாப்பாவின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கடிதங்களைக் கொடுத்தேன். மடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொண்டார்.

"அத்தை, நீங்க ஒரு கையெழுத்து போடணும். ஆபீஸுக்கு வந்து."

"என்னன்னு?"

படிவத்தைப் படித்தேன். அவர் சட்டையைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் தேய்த்தார்.

"பொய்யர்னா போட்டிருக்கு?"

"ஆமா."

"கொஞ்சம் மரியாதையா ஒரு வார்த்தை கிடைக்கலையா அவங்களுக்கு?"

"அச்சடிச்ச படிவம் அத்தை. மாத்த முடியாது."

காலரை மடித்து வைத்தார். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

எண்பத்தெட்டாம் நாள் போனோம். பக்கத்து வீட்டில் பாப்பாவை விட்டிருந்தோம். மாமியாருக்குக் கொண்டை இருந்ததால் ஹெல்மெட் தலைக்குள் இறங்காமல் மேலேயே நின்றது. காவலாளி அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இயக்குநர் அவரை மரியாதையாக உட்கார வைத்தார். ஆய்வு அதிகாரி பக்கத்தில். கிளார்க் தட்டச்சு இயந்திரத்தோடு மூலையில்.

"உங்க மகள் உங்ககிட்ட பொய் சொல்லியிருக்காங்களா?"

"சொல்லியிருக்கா."

"எப்போலேர்ந்து?"

"பேச ஆரம்பிச்சதுலேர்ந்து."

கிளார்க் தட்டினார். இயக்குநருக்குத் திருப்தி. "உதாரணம் சொல்ல முடியுமா?"

"சாப்பிட்டிருக்க மாட்டா, சாப்பிட்டேம்பா. உடம்பு நெருப்பா கொதிக்கும், வெயில்ல நின்னேம்பா. மூணு வருஷம் தினம் ஏழு மணிக்கு வந்து நூலகத்துல இருந்தேன்னு சொன்னா. நூலகம் ஆறு மணிக்கே பூட்டிடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? இவரைப் பாக்கப் போயிருக்கா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்தேன்.

"இது போதும்மா" என்றார் இயக்குநர். "பழக்கமாகப் பொய் சொல்பவர்னு போட்டுக்கலாம். இப்ப கடைசிக் கேள்வி. அந்தக் கடிதங்களை நீங்க நம்பினீங்களா?"

மாமியார் கொண்டைமேல் நின்ற ஹெல்மெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

ஆய்வு அதிகாரி முன்னால் சாய்ந்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நம்பலைன்னா அது பொய்க் கணக்குல வராது. ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் ஏமாந்தாதான் பொய். யாரும் ஏமாறலைன்னா அது வெறும் கடிதம். ஆணை அப்படியே நிக்கும்."

அந்தக் கடிதங்கள் வந்த நாட்களில் அவர் இரவு பகலாகச் செய்திக்காக ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்தையும் படித்துவிட்டு, "நல்லா இருக்காளாம்" என்று மட்டும் சொல்லி உள்ளே போவார்.

"நான் நம்பணும்னுதானே எழுதினா" என்றார். "நம்பினேன். எழுதிக்குங்க."

கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

இயக்குநர் ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டே பேசினார். "இப்ப பாருங்க, விஷயம் எவ்வளவு சுலபமாயிடுச்சு. அவர் பொய்யர். அதனால அந்த இடம் அமைதியானதுன்னு அவர் சொன்னது செல்லாது. அதனால அது அபாயமா இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்னா அது மூன்றாம் தரம். கவலைக்குரியது. நாற்பத்தோரு நாளுக்கு டீ செலவு வரும், வீடும் உண்டு."

"ரொம்ப நன்றி சார்" என்றேன்.

"ஒரே ஒரு நிபந்தனை. பொய்யர்னு பதிவானவங்க பேரை நினைவுச் சுவர்ல பொறிக்க மாட்டோம். நாளைக்கு சின்னப் பிள்ளைங்க வந்து பாக்கற இடம். அவங்களுக்கு ஒரு முன்மாதிரி வேணும் இல்லையா?"

நான் மாமியாரைப் பார்த்தேன்.

"சுவத்துல யாரு குடியிருக்கப் போறா?" என்றார் அவர். "வீட்டைக் குடுங்க."

ஆணை இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கைக்கு வந்தது. கிளார்க்தான் ஓடி ஓடி முத்திரை வாங்கித் தந்தார். படித்துப் பார்த்தேன். வீடு குழந்தையின் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்தது. குடியிருப்பாளர், வயது நான்கு. நானும் மாமியாரும் குடியிருப்பாளரின் விருந்தினர்கள். தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை குடியிருப்பாளரின் சம்மதத்தோடு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும்.

"அவளுக்கு இன்னும் எழுத வராதே மேடம்" என்றேன்.

"வர்ற வரைக்கும் கட்டைவிரல் போதும்" என்றார் கிளார்க். "அவ மனசு கோணாம பாத்துக்குங்க."

பஸ்ஸில் கூட்டம் இல்லை. மாமியார் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். ஆணையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கலைந்த கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தார். நாலைந்து நிறுத்தம் போயின.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க அத்தை."

"உடனே போயிட்டா, வலி எதுவும் தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"அது உண்மைதானே?"

மருத்துவ அறிக்கையில் நாற்பது நிமிடம் என்று இருக்கிறது. அதை என் வேலை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன்.

"உடனேதான் அத்தை" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆதாரம் எதுவும் கேட்கவில்லை.